முகர்வுப் பதிவேடு

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் மீட்டர்காரர் பதினோரு வருடமாகத் தற்காலிகமாக இருந்தார். அந்த அலுவலகத்தின் பாதி மேசை நாற்காலிகள் அவருக்குப் பிறகு வந்தவை. அவை எல்லாம் நிரந்தரம். வீடு வீடாகப் போய், வாசலில் தரைக்குள் பதித்திருக்கும் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே இறங்கி, மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது அவர் வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் தொட்டிகள். இதற்காக அலுவலகம் இரண்டு வருடத்துக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்தது. கறுப்பு ரப்பர், கணுக்காலுக்கு மேல் ஏறும், காற்று என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. பணி நேரத்தில் அதைக் கழற்றுவது குற்றம்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது முடிய ஏழு வாரம் இருந்தது. அதைத் தாண்டினால் நிரந்தரமும் கிடையாது, தற்காலிகமும் கிடையாது, பேசாமல் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவருடைய நிரந்தரக் கோப்பு ஐந்து மேசைகளைத் தாண்டி ஆறாவது மேசையில் கடைசிக் கையெழுத்துக்காகப் படுத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் புகார் வந்தது.

"உங்க மேல ஒரு புகார் பதிவாகியிருக்கு" என்றார் கோப்புப் பிரிவு அம்மா. பெரிய பதிவேட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். 'பொருள்' என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: மீட்டர்காரர் வந்தாலே நாற்றம்.

மீட்டர்காரருக்குக் காது மடல் சுட்டது. ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒளித்த காலிலும் அதே ஷூதான்.

"யாரும்மா குடுத்தது?"

"மூணாவது குறுக்குத் தெரு. வீட்டுலயே தையல் மெஷின் போட்டிருக்காங்களே, அந்த அம்மா."

"அந்தக் கடுதாசியை ஒரு தடவை பார்க்கலாமா?"

"கடுதாசி கோப்புக்குள்ள போயிடுச்சு. அதை இனிமே யாரும் படிக்க மாட்டாங்க. நடவடிக்கை எல்லாம் பொருள் மேலதான். கட்டத்துல மூணு வார்த்தைக்குத்தான் இடம். நாலு பக்கக் கடுதாசியைக்கூட நான் மூணு வார்த்தைக்குள்ள அடக்கிடுவேன். இந்த ஆபீஸ்ல வேற யாருக்கும் அது வராது" என்றார் அந்த அம்மா. பெருமைப்பட ஒரு மனுஷிக்கு ஏதாவது ஒன்று வேண்டும்தானே.

அலுவலகத்தில் வாடை அலுவலர் என்று ஒருவர் இருந்தார். தண்ணீரில் வாடை இருக்கிறதா, குழாயில் வாடை இருக்கிறதா, ஊழியரிடம் வாடை இருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பவர். அவருக்கு முகரும் சக்தி கிடையாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. அது குறையில்லை, தகுதி என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்கிவிட்டார்.

"மூக்கு இருக்கிறவனை இந்த நாற்காலியில உட்கார வச்சா என்ன ஆகும்? இது நாறுது, அது மணக்குதுன்னு சொந்த அபிப்பிராயம் வந்துடும். என்கிட்ட அந்தப் பேச்சே கிடையாது. என் முன்னாடி ரோஜாவும் சாக்கடையும் ஒண்ணு. காகிதம் என்ன சொல்லுதோ அதுதான் வாடை."

"ஐயா, அந்த ஷூ ஈரம் காயவே மாட்டேங்குது. இன்னொரு ஜோடி குடுத்தீங்கன்னா மாத்தி மாத்திப் போட்டுக்குவேன்."

"இன்னொரு ஜோடி நிரந்தர ஊழியருக்குத்தான்."

"அவங்க தொட்டிக்குள்ள இறங்கறதில்லையே ஐயா."

"அதனாலதான் அவங்க மேல புகாரும் இல்லை." அலுவலர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. அலுவலகம் குடுத்தது நல்ல ஷூ. அது தினமும் எங்க இருந்து புறப்பட்டு வருது? உங்க வீட்டுல இருந்து. அப்போ வாடையும் அங்க இருந்துதான் வருது. வீட்டுல உண்டானதை வீட்டுலதான் நீக்கணும். இதுக்குன்னே ஒரு திட்டம் வச்சிருக்கோம். முப்பது நாள். முடிவுல வாடையின்மைச் சான்று. அது இருந்தாத்தான் உங்க நிரந்தரக் கோப்பு நகரும்."

திட்டத்தின் பெயர் 'வீட்டிலேயே வாடை நீக்கம்'. சுற்றறிக்கையில் பதினான்கு படிகள். ஷூவின் உள் அட்டையைப் பிரித்துத் தனியாக வை. உள்ளே சமையல் சோடாவைத் தூவு. பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணி. எலுமிச்சைத் தோலைப் போடு. காய்ந்த டீத்தூளைத் துணியில் முடிந்து வை. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நேரடி வெயிலில் காய வை. கூடவே ஒரு பதிவேடு. வீட்டில் ஒருவர் 'வீட்டு முகர்வாளர்' ஆக நியமிக்கப்பட வேண்டும். அவர் தினமும் மாலை ஆறரைக்கு வலது ஷூவைத் தனியாகவும் இடது ஷூவைத் தனியாகவும் நான்கு விரல் தூரத்தில் வைத்து முகர்ந்து, பூச்சியத்திலிருந்து ஐந்துக்குள் எண் போட்டு, கையெழுத்திட வேண்டும்.

வீட்டில் இருந்தது மனைவி மட்டும்தான். சலவைக் கடையில் துணி வாங்கும் இடத்தில் நிற்பவள். ஒரு சட்டையைக் கையில் வாங்கினாலே அது எண்ணெய்க் கறையா, மருந்துக் கறையா, எத்தனை நாள் வியர்வை என்று மூக்கு சொல்லிவிடும். சீட்டில் அப்படியே எழுதுவாள். துணியைத் திரும்ப வாங்கும்போது சண்டைக்கு நிற்கிற ஆட்கள்கூட அவள் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

சுற்றறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "சோடா, எலுமிச்சை, டீத்தூள். அடுப்பு மட்டும்தான் பாக்கி."

"சிரிக்காத. இதுலதான் நம்ம தலையெழுத்தே இருக்கு."

"சரி, பகல் பத்து மணிக்கு வெயில்ல வைக்கணும்னு போட்டிருக்கே. அப்போ ஷூ உங்க கால்லதானே இருக்கும்?"

அதுவும் நியாயம்தான் என்று மறுநாள் கோப்புப் பிரிவு அம்மாவிடம் போய்க் கேட்டார். இரண்டு நாளில் விளக்கச் சுற்றறிக்கை வந்தது. 'காய வைக்கும் நேரத்தில் ஊழியர் பணியில் இருக்க வேண்டும். பணியில் இருக்கும் நேரத்தில் ஷூ அணிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது.' அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அப்போ நான் என்னம்மா செய்யறது?"

"வெயில்ல நடங்க" என்றார் அந்த அம்மா.

நடந்தார். வெயிலுள்ள பக்கமாகப் பார்த்து நடந்தார். நடுவில் தொட்டிக்குள் இறங்கவும் வேண்டியிருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி வாசலில் வைப்பார். மனைவி சலவைக் கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, ஆறரை ஆனதும் முதலில் வலது, பிறகு இடது என்று முகர்வாள். அவர் பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை நீட்டிவிட்டு நிற்கிறவர் மாதிரி பக்கத்தில் நிற்பார். பிறகுதான் சோடா, செய்தித்தாள், டீத்தூள் எல்லாம். பதினைந்து வருடம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர் ஒரு ஷூவை நடுவில் வைத்துக்கொண்டு எண் போடுகிற நிலைமை வந்ததே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

முதல் வாரச் செவ்வாய்க்கிழமை வாடை அலுவலர் திடீர் ஆய்வுக்கு வந்தார். கையில் ஒரு தோல் பை, முகத்தில் ஒரு கண்டிப்பு. இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு துணியை விரித்து ஷூக்களை அதன் மேல் வைக்கச் சொன்னார். ஒன்றைத் தூக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அறையில் நின்ற மற்ற இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஷூவை மனைவியிடம் நீட்டினார். அவள் முகர்ந்து, பதிவேட்டில் ஐந்து என்று எழுதினாள். அலுவலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். படித்து முடித்த பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்பப்பா, ரொம்பக் கடுமை" என்றார். "எப்படித்தான் இதோட குடும்பம் நடத்துறீங்க?"

அவர் போன பிறகு மனைவி மேசையை மூன்று தடவை துடைத்தாள்.

பதினெட்டாவது நாள் அவள் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வாங்க. இதைப் பாருங்க. திங்கள் ஒண்ணு, செவ்வாய் அஞ்சு. புதன் ரெண்டு, வியாழன் ஒண்ணு, வெள்ளி அஞ்சு. மூணு வாரமும் இதேதான். செவ்வாய், வெள்ளி தவிர அஞ்சே இல்லை."

"அன்னைக்கு நான் நிறைய நடந்திருப்பேன்."

"நடந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. உங்க கால் வாடை எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து தெரியும். இது அது இல்லை. இது சாக்கடைத் தண்ணி. கழிவுத் தொட்டி சுத்தம் பண்றவங்க துணி எங்க கடைக்கு வரும், அதே வாடை. செவ்வாய், வெள்ளி எங்க போறீங்க?"

மூன்றாவது குறுக்குத் தெரு. போன வருடம் புதுக் குழாய் பதித்த தெரு. சோதனைக் காலம் என்று வாரத்துக்கு இரண்டு தடவை மீட்டர் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருத் தொட்டிகளில் எப்போதும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அவர் அதை மழைத் தண்ணீர் என்று நினைத்திருந்தார். மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை தையல்கார அம்மாவின் கதவைத் தட்டினார். மெஷினுக்குப் பக்கத்தில், வெட்டிப் போட்ட துணிக் குவியல் மேல் ஒரு சின்னப் பெண் சுருண்டு படுத்திருந்தது. கண் குழி விழுந்திருந்தது.

"என்ன தங்கச்சி, என்னைப் பத்தி இப்படி எழுதிட்டீங்களே" என்றார்.

"உங்களைப் பத்தியா? நான் ஏண்ணே உங்களைப் பத்தி எழுதப் போறேன்?" அவள் மெஷின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தாள்.

'எங்கள் மீட்டர்காரர் வந்து தொட்டி மூடியைத் திறந்தாலே தெருவே நாறுகிறது. பாவம், அவர் அதற்குள்தான் இறங்கி நிற்கிறார். குழாய்த் தண்ணீரிலும் அதே நாற்றம் வருகிறது. தெருவில் ஒன்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தயவு செய்து குழாயைத் தோண்டிப் பார்க்கவும்.'

அவர் இரண்டு தடவை படித்தார். 'பாவம்' என்ற இடத்தில் சற்று நின்றார். பதினோரு வருடத்தில் அவரைப் பற்றி அலுவலகத்துக்குள் போன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அது கட்டத்தில் அடங்கவில்லை.

"நாலு நாளா இவ ஒண்ணும் சாப்பிடலைண்ணே. தண்ணியைக் காய்ச்சித்தான் குடுக்குறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்கல்ல?"

"கண்டிப்பாச் சொல்றேன் தங்கச்சி" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை பதிவேட்டையும் நகலையும் எடுத்துக்கொண்டு வாடை அலுவலர் முன் நின்றார். செவ்வாய், வெள்ளி, ஐந்து, ஐந்து என்று விரல் வைத்துக் காட்டினார். குழாயில் சாக்கடை கலக்கிறது என்றார். ஒன்பது குழந்தைகள் என்றார். அலுவலர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப அருமையான பதிவேடு. இந்தத் திட்டத்துல இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதினதில்லை. உங்க வீட்டம்மாவுக்கு நல்ல மூக்கு."

"அப்போ குழாயைத் தோண்டிப் பார்ப்பாங்களா ஐயா?"

"எதுக்குத் தோண்டணும்? அந்தக் குழாய்ல வாடை இல்லை. போன வருஷம் நானே முகர்ந்து பார்த்துச் சான்று குடுத்திருக்கேன்."

மீட்டர்காரர் அலுவலரின் மூக்கைப் பார்த்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது" என்றார் அலுவலர். குரலில் கோபமே இல்லை. "நான் முகர்ந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியலை, அப்படியே எழுதினேன். இதுல பொய் எங்க இருக்கு? என்னை மாதிரி பொய் சொல்லாத ஆள் இந்த ஆபீஸ்ல கிடையாது. இப்போ உங்க பதிவேடு சரின்னா என் சான்று தப்பு. என் சான்று தப்புன்னா இதுவரைக்கும் நான் குடுத்த எல்லாச் சான்றும் தப்பு. அப்புறம் ஊர்ல ஒருத்தன் தண்ணி குடிக்க முடியுமா? ஜனங்க நிம்மதியாத் தண்ணி குடிக்கணும்னா நமக்கு வாடை தெரியக் கூடாது."

மேசையில் ஒரு படிவத்தை வைத்தார். மூன்றே வரிகள். வாடையின் மூலம்: ஊழியரின் கால். நீக்கிய முறை: வீட்டு முறை. இன்றைய நிலை: வாடை இல்லை.

"இதுல ஒரு கையெழுத்து. அப்புறம் பதிவேட்டுல செவ்வாய், வெள்ளி மட்டும் பூச்சியமாத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் வீட்டு முகர்வாளர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. முப்பது நாளும் முடியட்டும். நான் அன்னைக்கே சான்று குடுத்துடுறேன். உங்க கோப்பும் நகர்ந்துடும். இல்லைன்னா உங்க பிறந்த நாள் எப்போன்னு உங்களுக்கே தெரியும்."

மீட்டர்காரர் காகிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டார். கதவுவரை போனவரை அலுவலர் கூப்பிட்டார்.

"எனக்கும் ஒரு காலத்துல நல்ல மூக்கு இருந்துச்சு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, தற்காலிகமா இருந்தப்போ, ஒரு தண்ணித் தொட்டிக்கு இப்படி ஒரு கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில காபி வாசனை வரலை. சளின்னு நினைச்சேன்." சற்று யோசித்தார். "ஒண்ணும் குறைஞ்சுபோயிடலை. காபியைச் சூடா இருக்கான்னு பார்த்துக் குடிச்சாப் போதும்."

அன்று மாலை அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாற்பத்தஞ்சு வயசுல எனக்கு வேற யார் வேலை தருவா? நான் கையெழுத்துப் போடலைன்னா மட்டும் அவங்க தோண்டிடுவாங்களா? எப்படியும் தோண்டப்போறதில்லை" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் சொல்லச் சொல்ல அவருக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள்.

"அஞ்சு இருக்கும்."

அவள் மடித்த துணியை வைத்துவிட்டுப் பதிவேட்டைக் கையில் எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். பேனாவையும் எடுத்தாள். பிறகு இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"நான் அஞ்சுன்னு எழுதினது அஞ்சுதான். கறை இருக்கிற துணிக்கு இல்லைன்னு நான் இதுவரைக்கும் சீட்டு எழுதினதில்லை. உங்களுக்கு வேணும்னா நீங்களே போட்டுக்குங்க. என் கையெழுத்துதான் உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். அவர் அன்றே உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அதுவரை விழுந்திருந்த ஐந்துகளைப் பூச்சியமாக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் பெயரை எழுதினார். மிச்ச நாட்களுக்கும் அவரே எண் போட்டார். அவள் அதற்குப் பிறகு ஷூ பக்கம் வரவில்லை. அவள் பெயரில் போட்ட முதல் கையெழுத்து கோணியது. கடைசியில் நன்றாக வந்திருந்தது. கோப்புப் பிரிவு அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, எவ்வளவு சீரான கையெழுத்து என்று பாராட்டினார்.

பிறந்த நாளுக்கு நான்கு நாள் முன்னதாக அவர் நிரந்தரமானார். அலுவலகத்தில் சின்னக் கூட்டம் போட்டார்கள். வாடை அலுவலர் பேசினார். "மனசு வச்சா எந்த நாற்றத்தையும் நாலு சுவத்துக்குள்ளயே முடிச்சிடலாம்ங்கறதுக்கு இவர் உதாரணம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நிரந்தர ஊழியர் என்பதால் இரண்டு ஜோடிப் புது ஷூ கொடுத்தார்கள். இனி தொட்டிக்குள் இறங்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். 'வீட்டிலேயே வாடை நீக்கம்' திட்டத்தைப் பொதுமக்களுக்கும் விரிவுபடுத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. முதலில் மூன்றாவது குறுக்குத் தெரு.

மறுநாள் புது ஷூவைப் போட்டுக்கொண்டு போனார். தையல்கார அம்மாவிடம் ஒரு சுற்றறிக்கையையும் ஒரு பதிவேட்டையும் நீட்டினார். தண்ணீரைக் காய்ச்சவும். கரித்துண்டு போடவும். எலுமிச்சைத் தோல் போடவும். வெயிலில் வைக்கவும். வீட்டில் ஒருவர் தினமும் முகர்ந்து எண் போட்டுக் கையெழுத்திடவும்.

அவள் அதைப் படித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். துணிக் குவியல் மேல் சின்னப் பெண் இல்லை.

"பாப்பா எங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியில. குளுக்கோஸ் ஏத்தியிருக்காங்க. நான் துணி எடுத்துட்டுப் போக வந்தேன்." உள்ளே போய் ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். "நீங்க இதுக்குள்ள இறங்கி நின்னவருண்ணே. நீங்களே முகர்ந்து பார்த்துச் சொல்லுங்க."

அவர் தம்ளரை வாங்கினார். மூக்குக்கு நேராகப் பிடித்தார். மூச்சை மட்டும் இழுக்கவில்லை.

"சளி பிடிச்சிருக்கும்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலை."

அவள் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அண்ணே என்று அவள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. பதிவேட்டில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தார். மணி ஆறரை. மனைவி அவருக்கு முன்னால் வந்திருந்தாள். அவர் பழக்க தோஷத்தில் பக்கத்தில் நின்றார். அவள் குனியவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க. வீடு பூரா புது ரப்பர் வாடை, தலையை வலிக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கையில் எடுத்தார். பளபளவென்று இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தார். அடுத்த ஷூவை எடுத்தார். சமையலறைக்குப் போய் எலுமிச்சையை நகத்தால் கீறிப் பார்த்தார், டீத்தூள் டப்பாவைத் திறந்து அதற்குள் மூக்கை நுழைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"சளி" என்றார். டப்பாவை மூடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.